டப்பாவுக்குள் போகும், போகாது

டப்பாக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. உயிரியல் புத்தகத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கல்யாண வரவேற்பில் பந்தி தாமதமாகும்போது உங்கள் பக்கத்து நாற்காலியைப் பாருங்கள். சர்ச் பிக்னிக் பஸ்ஸில் முன்சீட்டைப் பாருங்கள். லோனாவளா லோக்கல் ரயிலில், நீங்கள் எழுந்து ஓட வழியில்லாத நெரிசலில், உங்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் அந்த மலர்ந்த முகத்தைப் பாருங்கள். அவர்தான். தொண்டையைக் கனைப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "எங்கிட்ட ஒரு டப்பா இருக்கு" என்பார். உங்கள் பொழுது போயிற்று.

"டப்பாவுக்குள்ள பால் போகும், தயிர் போகாது. மீன் போகும், நண்டு போகாது. என்ன விதி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

விளையாட்டு என்ன பாவம் செய்தது? நல்ல விளையாட்டுத்தான். ஒருவர் ஒரு விதியை மனசுக்குள் வைத்துக்கொண்டு எது போகும், எது போகாது என்று நாலு உதாரணம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வார்த்தையை வீசிப் பார்த்து, கிடைக்கிற பதில்களை வைத்து, மறைந்திருக்கும் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் ஆடினால் பத்து நிமிஷத்தில் யாராவது கண்டுபிடித்து ஓவென்று கத்துவார்கள், அடுத்த பிள்ளை ஆரம்பிக்கும். டப்பாக்காரர் ஆடினால் முடியாது. ஏன் முடிய வேண்டும்? நீங்கள் திணறுவதைப் பார்க்கத்தானே அவர் ஆரம்பித்ததே!

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் புனேயில், தாபோடி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கும் தேவநேசனைப் பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து, ராணுவப் பணிமனை ஒன்றின் ஸ்டோரில் முப்பத்தெட்டு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஸ்பானர் கேட்டவனுக்கு 'உண்டு', ஸ்க்ரூ கேட்டவனுக்கு 'இல்லை' என்று சொல்லி, ஏன் இல்லை என்று கேட்டவனைப் பார்த்துச் சிரித்து, அப்படியே ரிட்டயர் ஆனவர். ஜன்னல் போய்விட்டது. சிரிப்பு போகவில்லை.

அவர் டப்பாவைத் திறக்காத இடமே கிடையாது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து டிரிப்ஸோடு படுத்திருந்த சர்ச் செயலாளரைப் பார்க்க ஆப்பிளும் கையுமாகப் போனவர், "சும்மாதானே படுத்திருக்கீய, மூளைக்கு ஒரு வேல தாரேன்" என்று ஆரம்பித்து, அந்த மனுஷருக்கு ரத்த அழுத்தம் ஏறி நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும்வரை நகரவில்லை. துக்க வீட்டில் சவப்பெட்டி வரத் தாமதமானபோது பக்கத்தில் அழுது கொண்டிருந்தவரின் தோளில் கைவைத்து, "கோடாலி போகும், அரிவாள் போகாது" என்று தொடங்கியிருக்கிறார். கேட்டால் ஆறுதலாம்! விடை தெரியவில்லை என்று நீங்கள் கையை விரித்தால் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட அப்படி வராது. "சிம்பிள். சின்னப் புள்ள சொல்லிரும். நாளைக்குச் சொல்லுதேன்." அந்த நாளை வரவே வராது. ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போன ஒருவர் இன்றைக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போன் செய்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஏணி ஏன் போகாது?" என்று கேட்கிறார். பாவம், பதினாறு வருஷமாக.

வெளியாட்கள் எழுந்து போய்விடலாம். அவர் மகள் கெசியா எங்கே போவாள்?

எட்டு வயதில் அவள் அந்தப் பால்-தயிர் விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிறு பள்ளியில் அப்பாவே சொல்லிக் கொடுத்த தமிழ். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ரெண்டு எழுத்துன்னா போகும்!" என்று குதித்தாள். சரியான விடை. தேவநேசன் ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தார். பிறகு, "தப்பு" என்றார். "அப்போ முள்?" என்று கேட்டாள் குழந்தை. "போகாது." மீன் போகுமாம், மீனின் முள் போகாதாம். அன்றைக்குக் கெசியா அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவர் மட்டும் இரண்டு துண்டு மீன் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீடே டப்பாவாகிவிட்டது. பச்சை கர்ட்டன் போகும், நீலம் போகாது. பள்ளிக்கூடத்து மஹாபலேஷ்வர் டூர் போகும், காலேஜ் அலிபாக் டூர் போகாது. ஜீன்ஸ் போகும், கறுப்பு குர்தா போகாது. ஏன் அப்பா? "யோசிச்சுப் பாரு, உனக்கே புரியும்." கெசியா உண்மையாகவே யோசித்தாள். நிறமா, பணமா, தூரமா, யார் கூட வருகிறார்கள் என்பதா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. தனக்குத்தான் புத்தி போதாது என்று இருபத்தொன்பது வயதுவரை நம்பினாள். இந்த இனத்தின் மகா கெட்டிக்காரத்தனம் அதுதான்.

அம்மா ஆரோக்கியமணி எதையுமே கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வேண்டுமென்றால் பையை எடுத்துக்கொண்டு வாசலில் சும்மா நிற்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, மீன் வாங்கலாமா?" என்பார். "உங்க இஷ்டம்" என்பாள். மீன் வந்துவிடும். அம்மாவுக்குச் சொந்தமாக ஓர் ஆசையும் கிடையாது என்றே கெசியா நினைத்திருந்தாள்.

அப்புறம் மாப்பிள்ளை பார்க்கும் காலம் வந்தது. தேவநேசன் சும்மா இருப்பாரா? என் டப்பாவின் விதியைக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் என் பெண் என்று சர்ச் வாசலில் நாலு பேர் கேட்க அறிவித்துவிட்டார். முதலில் வந்தவன் விடை தெரியாமல் விழித்தான். மூளை இல்லை என்று அனுப்பினார். இரண்டாமவன் போனில் தேடினான். நாணயம் இல்லை என்று அனுப்பினார். பக்கத்துச் சாகனில் வேலை பார்க்கும் நாகர்கோவில் பையன் சுபின், "இதெல்லாம் இப்ப எதுக்கு, மாமா?" என்று கேட்டுவிட்டான், மரியாதை இல்லை. நாலாமவன்தான் பரிதாபம். நாற்பது நிமிஷம் வியர்த்துக் கொட்ட யோசித்து ஏதோ ஒன்று சொன்னான். அது சரியாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது? "கிட்ட வந்துட்டீய, ஆனா அது இல்ல" என்றார். அந்தப் பையன் இப்போது சூரத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான்.

ஐந்தாவது ஆஸ்டின். இவனைத் தரகர் கொண்டுவரவில்லை. கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சியில் கெசியாவுக்குப் பின்வரிசையில் நின்று, சுருதி விலகிப் பாடி, ஒவ்வொரு தடவையும் "ஸாரி, ஸாரி" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டவன். நிக்டியில் வீடு, ஹிஞ்சவடியில் வேலை. பதினாலு மாதமாக இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்விடலாம் என்று அவன் ஒருமுறை சொன்னான், கெசியாதான் முடியாதென்றாள். மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து, ஊரறியக் கை பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அப்பா அந்த ஆத்திரத்தை எல்லாம் அம்மா தலையில்தான் இறக்குவார். அப்படியென்றால் அப்பா வாய் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். ஆஸ்டினின் அம்மா ஹெலினாவோ பொறுமை தீர்ந்து போனில் சொல்லிவிட்டாள்: "பேட்டா, இந்த சண்டே ஹான்னா ஹான், நஹின்னா நஹி. எங்க ஊருல வேற ஒரு இடம் ஆறு மாசமா காத்துட்டு இருக்கு. இதுக்கு மேல என்னால அவங்கள இழுத்தடிக்க முடியாது."

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சாயங்காலம் ஆஸ்டினும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். ஆரோக்கியமணி கேசரியும், காரத்துக்குப் புனே பாகர்வடியும் வைத்தாள். டீயில் ஆடை படிவதற்குள் தேவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, எங்கிட்ட ஒரு டப்பா இருக்கு. யானை போகும், பூனை போகாது. மழை போகும், குடை போகாது. சர்க்கரை போகும், உப்பு போகாது. என்ன விதி?"

"அங்கிள், போன்ல நோட் பண்ணிக்கலாமா?" என்றான் ஆஸ்டின்.

"தாராளமா. நோட்டு போடுங்க, கணக்குப் போடுங்க. விதி இங்கல்லா இருக்கு!" நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டு, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு முழு ருசியும் கிடைக்கும்.

"தேன்?"

"போகாது."

"நாய்?"

"போகாது."

"வெல்லம்? மேகம்? ஆறு?"

"போகாது, போகாது, போகாது."

ஆஸ்டினின் அப்பா பாகர்வடியை மென்றுகொண்டே, "லாரி?" என்று கேட்டுப் பார்த்தார். போகாது. ஹெலினா, "ஊசி?" என்றாள். போகாது. ஹெலினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கெசியா அந்தக் கைப்பையையே பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம். அதற்குள் இது முடியாவிட்டால் இவர்கள் எழுந்துவிடுவார்கள், மறுபடி இந்தப் படியேற மாட்டார்கள்.

ஆஸ்டின் மட்டும் பதறவில்லை. அவன் வேலையே அதுதான். கம்பெனியில் புதிதாகச் செய்கிற ஆப்களைச் சோதிப்பவன். ஒரு பட்டனை அமுக்கி ஒரு பதில் வந்தால் அதோடு விடமாட்டான், அதே பட்டனை மறுபடி அமுக்கி, அதே பதில் வருகிறதா என்று பார்ப்பான். அந்தப் பழக்கத்தில், போனிலிருந்து தலை நிமிராமல், சாதுவாகக் கேட்டான்:

"யானை?"

"போகாது" என்றார் தேவநேசன், கண்ணை மூடியபடியே, பரம திருப்தியோடு.

ஆஸ்டினின் கட்டைவிரல் நின்றது. திரையை மேலே தள்ளிப் பார்த்தான். முதல் வரியே 'யானை போகும்'. மறுபடி கேட்டான். "மழை?"

"போகாது."

"சர்க்கரை?"

"போகாது. என்ன தம்பி, சும்மா வார்த்தைய அள்ளி வீசுதீய. மூளைய விட்டுக் கேளுங்க!"

ஆஸ்டின் கெசியாவைப் பார்த்தான். பெண் கேட்டு வந்த வீட்டில் எதைச் சொல்வான், பாவம்? ஆனால் கெசியாவுக்குக் கேட்டுவிட்டது. யானை போகும் என்று சொன்ன வாய் யானை போகாது என்கிறது. நடுவில் என்ன மாறியது? சொன்ன ஆள்தான் மாறினான். பச்சை கர்ட்டன் அப்பா பார்த்தது, நீலம் அவள் கேட்டது. மஹாபலேஷ்வர் அப்பா சொன்னது, அலிபாக் அவள் கேட்டது. ஜீன்ஸ் அவரே வாங்கி வந்தது. இவ்வளவுதானா? இத்தனை வருஷம் நிறத்தையும் தூரத்தையும் எண்ணி எண்ணி மண்டை காய்ந்தது இதற்குத்தானா? அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, ஏக் மினிட். விதி எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

"சொல்லு பாப்பம்." கண் இன்னும் திறக்கவில்லை.

"நீங்க சொன்னா போகும். வேற யார் சொன்னாலும் போகாது. அவ்ளோதான்."

"தப்பு!" என்றார் தேவநேசன்.

ஆஸ்டினின் அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கையிலிருந்த டீ தட்டில் சிந்தியது. மனுஷர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏன் சிரிக்கிறீங்க? க்யா ஹுவா?" என்று ஹெலினா மகனை இடித்தாள். "மம்மி, அதையும் வேற ஆள்தானே சொன்னது" என்றான் ஆஸ்டின் மெதுவாக. அவளுக்கு அரை நிமிஷம் கழித்துப் புரிந்தது. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவநேசன் கண்ணைத் திறந்தார். "என்ன சிரிப்பு? விதி அது இல்ல. இது ஆழமான விதி."

"சரி, அப்போ என்ன விதி? சொல்லுங்க."

"அத எப்படிச் சொல்ல முடியும்? சொல்லிட்டா அப்புறம் விளையாட்டு என்னத்துக்கு?"

"யானை போகும்னு நீங்கதான் சொன்னீங்க. ஆஸ்டின் யானைன்னா போகாதுங்கிறீங்க. போன்ல இருக்குப்பா."

தேவநேசன் மறுபடி நெற்றியைத் தட்டிக் காட்டினார். விரல் நெற்றியிலேயே நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. விதி, ஆழம், சின்னப் பிள்ளை சொல்லிவிடும் சிம்பிள், எதுவும் இல்லை. எந்தக் காலத்திலோ இருந்த ரெண்டு எழுத்து விதியை எட்டு வயது மகள் கண்டுபிடித்த அன்றோடு சரக்கு தீர்ந்துவிட்டது. ஜபல்பூர்க்காரருக்கு இது தெரிந்தால் என்ன ஆவார்! கெசியாவுக்கு அப்பா மேல் பரிதாபம்கூட வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

"நான் சொன்னது தப்புன்னு காட்டுறது ரொம்ப ஈஸிப்பா. வேற யாராவது சொல்ற ஒண்ணே ஒண்ணு போகும்னு சொல்லிடுங்க. நான் தோத்துட்டேன்னு இவங்க முன்னாடியே ஒத்துக்கறேன்."

"இதென்ன பிரமாதம்? ஒண்ணென்ன, பத்து சொல்லுதேன். கேக்கச் சொல்லு!"

கெசியா ஹெலினா பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க கேளுங்க. எதுக்கு வந்தீங்களோ அதைக் கேளுங்க."

ஹெலினா கைப்பையைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணே, எங்க ஆஸ்டின் உங்களுக்கு மாப்பிள்ளையா வரணும்னு கேக்குறேன். சொல்லுங்க. போகுமா, போகாதா?"

இப்போது பாருங்கள் நம்ம ஆளை. போகாது என்றால் மகள் சொன்னதே விதி என்று நாலு பேர் முன்னால் ருசுவாகிவிடும்; நிக்டியிலிருந்து கோந்த்வா வரை உள்ள தமிழ்ச் சர்ச் அத்தனையிலும் அடுத்த ஞாயிறே இதுதான் பேச்சு; பிறகு எந்தக் கல்யாணத்தில் எந்த நாற்காலிக்காரர் டப்பாவுக்குக் காது கொடுப்பார்? போகும் என்றால் பெண் போய்விடுவாள், அதுவும் வேறொருத்தி கேட்டு. காப்பாற்று என்பதுபோல மனைவியைப் பார்த்தார். ஆரோக்கியமணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் அந்த விசிறியை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"போ..." என்றார். தண்ணீர் குடித்தார். "போகும்."

"ஹோ கயா, முடிஞ்சாச்சு!" என்று ஹெலினா எழுந்து ஒரு பிடி கேசரியைக் கெசியாவின் வாயில் திணித்தாள். கெசியாவுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வழிந்தது. "நான் தோத்துட்டேம்ப்பா" என்றாள், வாய் நிறைய கேசரியோடு.

அவர்களை வழியனுப்பிவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்து, "அம்மா, அப்பாவோட விதியைக் கண்டுபிடிச்சிட்டேன், பாத்தியா!" என்றாள்.

ஆரோக்கியமணி பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அத நான் கல்யாணம் ஆன மூணாவது மாசமே கண்டுபிடிச்சேன்ட்டி."

"அப்போ ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா தப்புன்னுருப்பாவ."

கெசியா அம்மாவை முதல் தடவையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள். வாசலில் பையோடு நின்ற அந்த நூற்றுக்கணக்கான ஞாயிறுகள், 'உங்க இஷ்டம்' என்ற அந்த ஆசையற்ற குரல். அம்மாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. தன் ஆசையைத் தன் வாயால் சொன்னால் அது செத்துவிடும் என்று தெரிந்துகொண்டு, அதை இன்னொருவர் வாயில் பிறக்கவைத்தே ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறாள். கெசியா தேய்த்த பாத்திரங்களை வாங்கிக் கழுவ ஆரம்பித்தாள்.

தேவநேசன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நல்ல கதை! முதல் ஓலை வாசித்த ஞாயிறன்றே சர்ச் வாசலில் நின்று, "மாப்பிள்ளைக்கு மூளை இருக்கான்னு பாக்கத்தான் வேணும்னே யானைய மாத்திச் சொன்னேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்டின் பக்கத்தில் நின்று, "ஹான் அங்கிள்" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை, அந்த வீட்டில் பிழைத்துக்கொள்வான்.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறீர்கள்? யானை, பூனை என்று பேசினால்தான் டப்பாக்காரரா? போன மாதம் பிள்ளை கேட்டதற்குத் தலையாட்டினீர்கள், இந்த மாதம் அதையே கேட்டதற்கு முறைத்தீர்கள். ஏன் என்றதற்கு, "எல்லாம் காரணமாத்தான்" என்றீர்கள். ஆபீஸில் உங்களுக்குக் கீழே இருப்பவர் மூன்று தடவை எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை, "இது சரியா வரல" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். எது வரவில்லை என்று இன்றுவரை சொல்லவில்லை. வீட்டில் யாரோ ஏதோ கேட்க வாயெடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் போவதை இந்த வாரத்தில் எத்தனை முறை பார்த்தீர்கள்? அவர்கள் கையில் இருபது வருஷ உதாரணங்கள் இருக்கின்றன. உங்கள் விதி அவர்களுக்கு எப்போதோ தெரியும். சந்தேகமாக இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று: அவர்கள் சொல்லி முடிக்கும்வரையாவது 'தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள்.